பாத்ரூமில் ஒரு சம்மதம்

போன ஞாயிற்றுக்கிழமை லுங்கியும் கண்ணீருமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல். வாசலில் அறுபதைத் தாண்டிய தம்பதி, கையில் கேக் பெட்டி.

"சார், முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி இந்த வீட்லதான் எங்களுக்குக் கல்யாணம் நடந்துச்சு" என்றார் அந்த அம்மா.

குழம்பாதீர்கள். நாங்கள் குடியிருக்கும் அபிராமபுரத்து வீடு, ஒரு காலத்தில் மெதடிஸ்ட் சபையின் குட்டி ஆலயம். சபை பெருகி, இடம் போதாமல் பெரிய கோயிலுக்குப் போய்விட்டது. அப்புறம் கொஞ்ச காலம் டியூஷன் சென்டர், கொஞ்ச காலம் பிளாஸ்டிக் நாற்காலி குடோன்... கடைசியில் நான். எப்பேர்ப்பட்ட வீழ்ச்சி!

"பாதிரி ஐயர் கேட்டப்போ இவர் 'சம்மதம்'னு சொன்னது என் காதுல விழவே இல்ல சார். இன்னிக்கு அதே இடத்துல நின்னு சொல்லணும். அப்புறம்தான் கேக்."

"சொன்னேன் கிரேசு! ஐயருக்குக் கேட்டுச்சே!" என்றார் கணவர் சாமுவேல்.

"உன்னைக் கட்டிக்கினது ஐயரா, நானா?"

பிரசங்க பீடம் இருந்த இடம்... இப்போது எங்கள் பாத்ரூம்! அதை எந்த வாயால் சொல்வது?

"இதோ, இங்கதான்" என்று ஃப்ரிட்ஜைக் காட்டினேன்.

கிரேஸம்மா அண்ணாந்து பார்த்தார். "மேல கலர் கண்ணாடி போட்ட வட்ட ஜன்னல் இருக்குமே?"

இருக்கிறது. கெய்சருக்கு மேலே.

"ஏங்க பொய் சொல்றீங்க?" என்று என் மனைவி பாத்ரூம் கதவைத் திறந்தேவிட்டாள். உள்ளே பக்கெட், பினாயில், கொடியில் என் ஓட்டை பனியன். பாய்ந்து போய் அதை மட்டும் உருவினேன்.

கிரேஸம்மா முகம் சுளிக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வட்ட ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். சாமுவேல் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சம்மதம்."

முணுமுணுப்புதான். ஆனால் பாத்ரூம் டைல்ஸ் சும்மா விடுமா? எதிர்வீடு வரை முழங்கியது.

கிரேஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப கேட்டுச்சு."

எங்கள் கல்யாணத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும், அந்தக் கெட்டிமேளத்தில் பதில் யார் காதில் விழுந்திருக்கும்? மாப்பிள்ளை கடைசி நேரத்தில் ஏதாவது உளறினால் வெளியே கேட்கக் கூடாது என்றுதான் அத்தனை சத்தமோ என்னவோ!

அவர்கள் கிளம்பியதும், கேக் துண்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மனைவி சொன்னாள்: "நீங்களும் உள்ள போய் ஒரு தடவை சொல்லுங்க."

போனேன். சொன்னேன். வெளியே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

மூன்றாவது 'சம்மத'த்துக்குத்தான் கதவு திறந்தது.