பத்தாவது அடி

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடம். கச்சான் காற்று, கண்டி வீதி முழுக்கப் புழுதி. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணிய எழுதுவினைஞன் நான், எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பியதில்லை, பேய் பிசாசு என்றால் எழும்பிப் போய்விடுவேன். நீங்களும் அப்படிப் போனால் எனக்குக் கோபமில்லை.

தம்பி சிவராசாவுக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்து அன்றைக்கு நாற்பத்திரண்டாம் நாள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது, சுவாசப்பைதான் கிருமி பிடித்துச் சுருங்கி ஒட்டிக்கொண்டது. மூச்சு விடுகிற மெஷினில் போட்டு, அதோடு மல்லுக்கட்டாமல் கிடக்கட்டும் என்று, விரல்கூட அசையாதபடி மருந்து ஏற்றியிருந்தார்கள். குறைமாதப் பிள்ளைகளின் சுவாசப்பை விரிவதற்கு ஊற்றுகிற சர்பக்டன்ட்டைக் கொடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல ஏலாது என்றார் டாக்டர். மாட்டின் சுவாசப்பையிலிருந்து எடுப்பதாம்.

"இவர் சுத்த சைவமெல்லே ஐயா, எழும்பினா உங்களைத்தான் கடிப்பார்" என்றாள் தாதி என்னிடம்.

எழும்பிக் கடிக்கட்டும் என்று கொழும்புக்குப் போய் எட்டுக் குப்பி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை அந்த வீதியில் கண்ணிவெடி வெடித்திருந்தது. இராணுவச் சாவடியில் நின்றவர்களின் கண்ணே சரியில்லை. ஒருவன் பெட்டியைத் திறந்து, பால் மாதிரி இருந்த குப்பியைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "மருந்து மாத்தையா, தம்பிக்கு" என்றேன். ஏழு குப்பிகளைத் தாரில் போட்டுச் சப்பாத்தால் மிதித்தான். எட்டாவதை நான் பாய்ந்து பறித்தேன். அதற்குத்தான் அடி.

குப்பியை நெஞ்சுக்குக் கீழே அமுக்கிக்கொண்டு குப்புறக் கிடந்து எண்ணினேன். இரண்டு ஆணித்தலை துருத்திக்கொண்டிருந்த துவக்கின் அடிப்பக்கத்தால் முதுகில் இடித்தான். ஐந்தில் வாயில் இரத்தம் வந்தது. ஒன்பதில், இனி ஏலாது, அடுத்ததை வேறு யாராவது வாங்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன், மறைக்கவில்லை. பத்தாவது விழுந்தது. சத்தம் கேட்டது, நோவு இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, எல்லாம் சத்தம் மட்டும், பக்கத்தில் யாருக்கோ விழுகிற மாதிரி. பிறகு அவர்களுடைய பெரியவர் வந்து நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிக்கு ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தாதி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மூண்டு இருபது போல இவரைக் கட்டிலோட தூக்கித் தூக்கிப் போட்டது ஐயா. அசைய ஏலாத மனுசன். பக்கத்திலை நிண்டு எண்ணினனான், நாலு தரம்."

ஒற்றைக் குப்பியை, இடப்பக்கம் சரித்துப் பாதி, வலப்பக்கம் சரித்துப் பாதி என்று குழாயால் விட்டார்கள். வெள்ளையாக உள்ளே போனது இரத்தமாகத் திரும்பி வந்தது. விலா எலும்பு முறிந்து சுவாசப்பையில் குத்தியிருக்கிறது, கட்டிலில் கிடந்தவருக்கு எப்படி என்று டாக்டர் என்னையே கேட்டார். ஏழு மணிக்கு முடிந்துவிட்டது.

குளிப்பாட்டும்போது முதுகில் நாலு கருநீலத் தழும்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆணித்தலை பதிந்திருந்தது. "இதென்ன அத்தான்?" என்று தம்பி மனைவி கேட்டாள். "மெஷின் அடையாளம் பிள்ளை" என்றேன்.

அவள் இன்றைக்கும் வருகிற சனத்துக்கெல்லாம், "இவருக்காக அத்தான் பதின்மூண்டு அடி வாங்கினவர்" என்று சொல்லித்தான் எனக்குத் தேத்தண்ணி தருகிறாள். நான் குனிந்து குடிக்கிறேன். நான் வாங்கியது ஒன்பது.