மேட்டூர் நிரம்பினால் ஷேர் ஏறுமா?

போன ஞாயிறு. ஒரத்தநாடு பக்கத்தில் ஒரு கிராமத்து மாதா கோயில் வாசல். பூசை முடிந்து வந்த பாதர், ஒரு புது ஸ்கூட்டருக்குத் தீர்த்தம் தெளித்தார். ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரம். பக்கத்தில் முகமெல்லாம் பல்லாக ரெஜினா அக்கா — என் மச்சான் ஆரோக்கியசாமியின் மனைவி.

மச்சான்? கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் அசடு வழிய நின்றார். அவர் பக்கத்தில், அதே அசடு வழிய, நான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

அக்கா வீட்டில் மூன்று மாடு. தினமும் இரண்டு வேளை பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடை. வீட்டில் இருக்கும் ஒரே பைக் மச்சானோடு வயலுக்குப் போய்விடும். 'இந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஸ்கூட்டர்' என்று மச்சான் வருஷா வருஷம் சொல்வார். எதை நம்பி? ஷேர் டிரேடிங்கை நம்பி! நெல் விற்ற காசைப் போட்டு, வரப்பில் நின்றபடியே செல்போனில் காலையில் வாங்குவார், மத்தியானம் விற்பார். கிறிஸ்துமஸ்கள் வந்தன, போயின. கேன் மட்டும் அக்காவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

அக்கா தன் பால் காசில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு வந்தார். நாட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றின் ஷேரிலும் கொஞ்சம் கொஞ்சம். போட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடலாம். மச்சானுக்கு அது இளக்காரம்.

"நல்ல காய், சொத்தைக் காய் எல்லாத்தையும் ஒரே சாக்குல அள்ளிட்டு வர்றதா? பொறுக்கத் தெரியாதவங்க வேலை மாப்ள அது!"

இரண்டு வருஷம் முன்பு, ஆடி மாதம். மேட்டூர் அணை நிரம்பியது. மச்சானிடமிருந்து போன்.

"மாப்ள! நூத்தி இருபது அடி! டெல்டா முழுக்க நடவுதான். உரம் பறக்கும். உரக் கம்பெனி ஷேரை வாங்கிப் போடுங்க. ரெஜினா ஃபண்டு காசையும் எடுத்துப் போட்டா பொங்கலுக்கே ஸ்கூட்டர். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா... நீங்க வந்து சொல்லுங்க."

எனக்கும் லாஜிக் சரியாகத்தான் பட்டது. தஞ்சாவூர்க்காரனுக்கு மேட்டூரை விட்டால் உலகம் ஏது? நானும் வாங்கினேன். அக்காவிடம் தூதும் போனேன்.

அக்கா தவிடு கலக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "அது ஸ்கூட்டர் காசு தம்பி. தொட மாட்டேன்."

"இண்டெக்ஸும் அப்பப்ப இறங்குதே அக்கா..."

"எறங்கட்டும். மாடு மட்டும் வருஷம் பூரா கறக்குதா? பால் வத்துன மறுநாளே வித்துடுறோமா?"

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வேறென்ன செய்ய?

நடவு முடிவதற்குள் எங்கள் ஷேர் படுத்துவிட்டது. புரோக்கர் ஆபீஸ் மேனேஜரிடம் போய்ப் புலம்பினேன். மேட்டூர் கதையைக் கேட்டுவிட்டு மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். "சார், அந்தக் கம்பெனி உரம் முக்கால்வாசி வடக்கதான் விக்குது. அங்க மேட்டூர்னா ஏதோ டிபன்னு நினைச்சுக்குவாங்க!"

விட்டதைப் பிடிக்க மச்சான் இன்னும் வேகமாக வாங்கினார், விற்றார். ஒவ்வொரு தடவையும் கமிஷன் வேறு. கடைசியில் மிஞ்சியது செல்போன்தான்.

இந்த மாதம் அக்கா ஃபண்டிலிருந்து பணத்தை எடுத்தார். கடன் இல்லை, தவணை இல்லை. ஸ்கூட்டர் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எப்படிக்கா ஜெயிச்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? ஒண்ணுமே செய்யலையே! உங்க மச்சானுக்கு அதான் வராது. மடையைத் திறந்தா மூடணும், மூடுனா திறக்கணும். வயலுக்கு அது சரி. பாவம், செல்போன்லயும் அதையே செஞ்சாரு."

சுருக்கென்றது. நம்மில் பலரும் அப்படித்தானே? கை எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் உழைப்பு என்று நினைப்பு. தினமும் வாங்கி விற்று ஜெயித்தவர்கள் எங்கேயாவது இருக்கலாம். மச்சானும் நானும் நிச்சயமாக அந்த லிஸ்டில் இல்லை.

அக்கா வண்டியைக் கிளப்பினார். பக்கத்து வீட்டு வண்டியில் ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர். பின்னால் மச்சான். அவருடைய பைக்கில் நான்.

பத்தடி போவதற்குள் மச்சான் ஆரம்பித்துவிட்டார். "லெஃப்ட்ல எடு... ஹாரன் அடி... பிரேக்... அந்த டிராக்டரை முந்து!"

அக்கா வண்டியை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க... சும்மா உக்காந்து வாங்க. வீடு வரும்."

மச்சான் கையைக் கட்டிக்கொண்டார்.

வீடு வந்தது!