முதுகை மட்டும் பார்த்தேன்

பேயைப் பார்த்தேன், முனி அடிச்சுச்சுன்னு எவனாவது ஸ்டேஷனுக்கு வந்தா, முதல்ல வாயை ஊதுடான்னு சொல்ற ஆளு நான். காலம் பூரா போலீஸ்ல குப்பை கொட்டியிருக்கேன், சாட்சி இல்லாம ஒரு வார்த்தையை நம்புனது கெடையாது. அதனால இதை நீங்க நம்பலைன்னா எனக்குக் கோவம் வராது, உங்க எடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன். ஆனா நடந்தது நடந்ததுதான். எம் மக மேல சத்தியமாச் சொல்றேன், கதையே அவளைப் பத்தினதுதான்.

எழுபதுகளோட ஆரம்பம். நான் அப்பக் காரைக்குடியில கான்ஸ்டபிள். பக்கத்து ஊர்ல ஒரு பெரிய செட்டியார் வீட்டுல சினிமா எடுக்க வந்திருந்தாக. ஊர் பேரு வேணாம், அந்த வீட்டுக்காரக இன்னும் நல்லா இருக்காக. கொலைகாரன் ஒருத்தனைப் போலீசு ஊர் ஊரா விரட்டிப் பிடிக்கிற படம். நடிகருக வந்திருக்காகன்னா சனம் சும்மா இருக்குமா, சுத்துப்பட்டு பூரா வண்டி கட்டிக்கிட்டு வந்திருச்சு, பந்தோபஸ்துக்கு எங்கள்ல நாலு பேரைப் போட்டாக. சினிமாப் போலீசும் ஒரு கூட்டம் இருந்துச்சு. லத்தியை அவனுக உலக்கை மாதிரிப் பிடிச்சிருந்த லட்சணத்தைப் பாக்கணுமே. ஒருத்தனுக்குக் கூடத் தொப்பை இல்ல, இதுல எங்குட்டுப் போலீசுன்னு நம்புறது!

கொலைகாரனா நடிச்சவருக்கு மஞ்சக் கட்டம் போட்ட சட்டை, முதுகுல ரத்தக் கறைன்னு செவப்புச் சாயம். அப்படிச் சட்டை அந்த ஒண்ணுதான். கறை கொஞ்சம் மாறினாலும் படத்துல ஒட்டாதாம், துணிமணி பாக்குற ஆளு அதைக் கண்ணுக்குள்ள வச்சுக் காத்தாரு.

எம் பொஞ்சாதி தானும் ஷூட்டிங் பாக்கணும்னு கடைசி நாள் காலையில பிள்ளையோட பஸ்ஸேறி வந்துட்டா. பிள்ளைன்னா எங்க ஒரே மக விசாலாட்சி, சாலான்னு கூப்பிடுவோம், மூணு வயசு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவ, அதையும் சொல்லிடுறேன்.

இப்ப அந்த வீட்டைப் பத்திச் சொல்லணும். வாசல் ஒரு தெருவுல, கொல்லைக் கதவு அடுத்த தெருவுல. நடுவுல கட்டு கட்டா முற்றம், சுத்தி வரிசையா அறை. அறை ஒவ்வொண்ணும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் சொந்தம். அவுக எல்லாம் மெட்ராசு, மலேயான்னு போயிட்டாக, சீர்ச் சாமானை அதுல அடுக்கிப் பூட்டியாச்சு. இனி வீட்டுல ஒரு கல்யாணம் காட்சின்னாத்தான் தொறப்பாக. சாவியெல்லாம் வாட்சுமேன் கருப்பையாகிட்ட. மனுசன் சொக்கத் தங்கம். ஒரே ஒரு பழக்கம், தன்னை வேலைக்கு வச்ச புள்ளி அறையைத் தவிர மத்தவுக அறைக்குள்ள கண்ணைக் கொண்டுபோக மாட்டாரு. நாளைக்கு ஒரு கரண்டி காணோம்னாலும் நீ பாத்தீல்லன்னு பேச்சு வந்துரக் கூடாதாம். எடுக்க வேண்டியதைத் தடவி எடுத்துட்டு, மொகத்தை அங்குட்டுத் திருப்பிக்கிட்டுக் கதவை இழுத்துப் பூட்டுவாரு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பொஞ்சாதி சாப்பாட்டுப் பந்தல்லேர்ந்து வந்து, "சாலா உங்ககிட்டத்தான இருக்கா?"ங்கிறா.

"எங்கிட்டயா? ஒங்கூடத்தானடி இருந்தா!"

"காலையிலயே அப்பாகிட்டப் போறேன்னு உங்களைப் பாத்துத்தானங்க ஓடுனா. நீங்கதான் வச்சிருக்கீகன்னு இருந்துட்டேன்."

அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு கெணறு, எதுக்க ஊருணி வேற. ஓடுனேன். கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குறேன், வண்டிக்கு அடியில பாக்குறேன், சாலா சாலான்னு கத்துறேன். காக்கிச் சட்டையோட நான் ஓடுறதைப் பாத்துட்டு சனம் கை தட்டுது. அடப்பாவிகளா! நானும் நடிக்கிறேன்னு நெனச்சுட்டாக.

"இந்தப் போலீசு நெசமாவே அழுகுறாருப்பா, என்னமா நடிக்கிறாரு!"ன்னு ஒருத்தன். டைரக்டருக்கு எடுபிடியா இருந்தவன் குறுக்க வந்து, "சார், ஷாட் இன்னும் வைக்கல, இப்பவே ஏன் ஓடுறீங்க?"ன்னு கேட்டான். எனக்கு அவனை அறையவும் கை வந்துச்சு, அவன் கால்ல விழுந்து கதறவும் தோணுச்சு.

அப்பத்தான் பாத்தேன். ரெண்டாங்கட்டுல மாடிப்படி ஏறுறான் ஒருத்தன். மஞ்சக் கட்டம், முதுகுல செவப்புக் கறை. மொகம் தெரியல. நடிகர்னு தெரியும், படம்னு தெரியும், அத்தனையும் தெரியும். ஆனா பெத்தவனுக்கு அந்த நேரத்துல புத்தி எங்க இருக்கு? எம் பிள்ளையை இவன்தான் தூக்கிட்டான்னு பட்டுச்சு. லத்தியை ஓங்கிக்கிட்டு, "நில்லுடா!"ன்னு பின்னாலேயே ஏறுனேன்.

அவன் ஓடல, நடந்துதான் போறான். நான் நாலு கால் பாய்ச்சல்ல ஓடுறேன், எட்டல. நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. மேல்மாடி வராந்தாவுல கடைசிக் கதவுக்குள்ள அவன் நுழைஞ்சதை இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். கிட்டப் போனா, கதவுல வெளிப்பக்கம் பூட்டுத் தொங்குது, என் கையகலத்துக்கு.

லத்தியால ஒரு போடு போட்டேன். உள்ள இருந்து, கெணத்துக்கு அடியில இருந்து வர்ற மாதிரி, "அப்பா"ன்னு ஒரு சத்தம்.

நான் போட்ட கூச்சல்ல கருப்பையா சாவிக்கொத்தோட ஓடி வந்தாரு. "அதுக்குள்ள யாரும் இல்லைங்கய்யா. சினிமாக்காரகளுக்கு ஜமுக்காளம் எடுக்கக் காலையில தொறந்தேன், அப்பவே பூட்டிட்டேனே."

"உள்ள பாத்தீகளா?"

"மத்தவுக சாமானை நான் எப்படிங்கய்யா பாக்குறது?"ன்னு சொல்லும்போதே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. சாவி பூட்டுக்குள்ள போக மாட்டேங்குது.

கதவு தொறந்துச்சு. சுருட்டி வச்ச பாய் மேல எம் மக உக்காந்திருந்தா. அள்ளி எடுத்து அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதுட்டேன் நான். போலீசாவது ஒண்ணாவது. பொஞ்சாதி வந்து பிள்ளையையும் என்னையும் சேத்துக் கட்டிக்கிட்டு அழுகுறா, கருப்பையா எங்க காலைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாரு. அவரை என்னன்னு கேக்குறது? கெட்ட எண்ணமா? அன்னிக்குச் சாயங்காலத்தோட சினிமாக்காரக கெளம்புறாக. அதுக்கப்புறம் அந்த அறையை எந்தக் கல்யாணத்துக்குத் தொறந்திருப்பாகளோ! அதை நெனச்சு இப்பவும் ராத்திரியில எந்திரிச்சு உக்காந்துருவேன், ஒடனே அவ மக்களைப் பெத்து வாழ்றாளேன்னு நெஞ்சு குளுந்துரும்.

இனிமேத்தான் நீங்க நம்ப மாட்டீக. அறைக்குள்ள வேற கதவு இல்ல. சன்னல் கம்பி போட்டது, துருப்பிடிச்சு மூடிக் கெடக்கு. மஞ்சச் சட்டைக்காரன் இல்ல. பாத்திரமெல்லாம் கவுத்து வச்சிருக்கு, சொட்டுத் தண்ணி கெடையாது. சித்திரை வெயில்ல அடுப்பு மாதிரிக் காயுது அறை. பதறிப்போயி பொஞ்சாதி தண்ணி குடுத்தா, பிள்ளை செம்பைத் தள்ளிவிட்டுட்டு, "குடிச்சேன்"ங்குது. செம்புத் தண்ணி சிந்தல. ஆனா கவுன்ல நெஞ்சுப் பக்கம் தொட்டுப் பாத்தேன், நனைஞ்சு சில்லுன்னு இருந்துச்சு.

கீழ வந்து பாத்தா, அந்த நடிகர் வெறும் பனியனோட கோழிக் கொழம்பைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காரு. சட்டை துணிமணிக்காரர் மடியில, பொத்தான் தச்சுக்கிட்டு இருக்காரு. "சாப்பாட்டுக்கு விட்டதுமே கழட்டி வாங்கிட்டேனே சார், கொழம்பு பட்டா யாரு பதில் சொல்றது?"ங்கிறாரு. மாடியில பாத்ததை நான் யார்கிட்டயும் சொல்லல, பொஞ்சாதிகிட்டக் கூட. பிள்ளை கெடச்சாச்சு, அது போதும்னு இருந்துட்டேன்.

அடுத்த வருஷம் படம் காரைக்குடிக்கு வந்துச்சு. குடும்பத்தோட போனோம். பொஞ்சாதி பொம்பளைக பக்கம் உக்காந்தா, சாலா எம் மடியில. நம்ம பாத்த வீடு திரையில வரவும் எனக்கே ஒரு பெருமை. கொலைகாரன் ஓடி வர்றாரு, தியேட்டரே விசில் அடிக்குது, சடார்னு திரும்பி மொகத்தைக் காட்டுறாரு. பெரிய மொகம், திரை பூரா.

சாலா என் தாடையைப் பிடிச்சுத் திருப்புனா. "அப்பா, சட்டை அதுதான். தண்ணி குடுத்தது இவுக இல்ல. இவுக வேற."

அப்படி ஒருத்தன் இருந்தான்னு அவகிட்ட யாருமே சொன்னதில்ல. நான் பாத்தது முதுகை மட்டுந்தான். மொகம் பாத்தவ எம் மடியிலதான் இருக்கா. வாயெடுத்தேன் கேக்க. கேக்கல. முறுக்கை எடுத்து அவ கையில குடுத்தேன், தின்னுக்கிட்டே படம் பாத்தா.

இப்ப அவளே பேரப்பிள்ளை எடுத்துட்டா, அன்னிக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கிறா. நல்லதுதான்னு நெனச்சுக்குவேன். ஆனா எத்தனை பேரை ஒக்கார வச்சு விசாரிச்ச வாயி இது, பெத்த பிள்ளைகிட்ட அந்த ஒரு கேள்வியைக் கேக்க அன்னிக்கு வர மாட்டேன்னுருச்சுங்க.