பின்முற்றத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடு

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நான் கற்பிட்டியில் வீடு கட்டும் மேசன் வேலை செய்தேன்; சூசை பாஸ் என்பார்கள். வாங்கப்போகும் வீட்டைப் பார்த்துச் சொல்ல என்னை முதன்முதலாகக் கூப்பிட்டவர் கருவாட்டு வியாபாரி அபுசாலி முதலாளி. அன்றைக்கே பெரிய பிழை விட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

வீடு கடைத்தெருவில் இருந்தது. கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டடிச் சுவர், கூரைக்குப் பாலை மர வளை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. எனக்கு வாய் நிற்கவில்லை.

“முதலாளி, இது உங்கட பேரப்புள்ளைகளுக்கும் நிக்கும்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அவரைப் பெற்ற வாப்பா ஒரு காலத்தில் கருவாட்டுக் கூடையோடு அந்த வாசலில் நின்று, உள்ளே ஏற விடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர். விலையைக் கேட்டால் தலை சுற்றும். இருந்த இரண்டு தோணியையும் விற்றாக வேண்டும். காணியோ பன்னிரண்டு பேர்ச்தான், ஏக்கரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதில் முக்கால்வாசியை வீடே பிடித்திருந்தது. ஆனாலும் வாங்குவதென்றே நின்றார். திருத்த வேலை முழுவதும் எனக்கே என்றார். எனக்கு அது ஆறு மாதச் சோறு.

அவர் மனைவி சுலைகா உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

“சூசை பாஸ், மூத்தவள் கலியாணம் முடிச்சா இந்த ஊடு அவளுக்கு. மத்த ரெண்டு பேருக்கும் எங்க கட்டுவீங்க?”

அவர்கள் சமூகத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மூன்று பெண்கள் என்றால் மூன்று வீடு. இது எனக்குத் தெரியாததல்ல. சுவரைக் கண்ட மயக்கத்தில் மறந்துபோனேன். வெட்கமாயிருந்தது.

“மேல மாடி எழுப்பலாமே,” என்றார் முதலாளி.

மூலையில் தோண்டிப் பார்த்தேன். அத்திவாரம் முழங்கால் ஆழத்தில் முடிந்து கடல்மணல் வந்தது.

“ஏலாது முதலாளி. மாடி ஏத்தினா கீழ்வீடும் வெடிச்சிப் போகும்.”

“அப்ப பின்னுக்குக் கட்டுவோம். இடம் காணும்.”

வாயால் சொல்லிப் பயனில்லை. கயிறும் முளையும் எடுத்து, அத்திவாரம் வெட்டப் போடுவதுபோலவே பின்முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். ஆளுக்கு ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. அதற்குக் கீழே குறைக்க முடியாது. இரண்டாவது மகளின் குசினி கிணற்றின் மேல் விழுந்தது. மூன்றாவது மகளுக்குக் கோடு போட மதில் தாண்டி அடுத்த காணிக்குள் போகவேண்டும். மதிலடியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்த, வீட்டை விற்கவிருந்தவர் கொதித்துப்போனார். “ஒன்னச் சுவரப் பாக்கத்தானே கூப்புட்டது? இனி இந்தத் தெருவுல ஒனக்கு வேல இல்ல.”

“வேல போனாப் போகட்டும். கோட்ட அழிக்க மாட்டன்,” என்றேன்.

முதலாளி கோட்டுக்குள் இறங்கி, இரண்டாவது மகளின் அறைக்கு நடுவில் நின்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“என்ட வாப்பாவுக்காகத்தான் ஆசப்பட்டேன், புள்ள.”

“தெரியும். இந்த மூணு பேருக்கும் நீங்கதானே வாப்பா,” என்றார் சுலைகா உம்மா.

அந்த வீட்டை அவர் வாங்கவில்லை. கையிலிருந்த காசில் ஊருக்கு வெளியே வெங்காயம் போட்டிருந்த மணற்காணியில் இரண்டு ஏக்கர் வாங்கி, ஓலை வீட்டில் குடியேறினார்கள். கடைத்தெருவில் எனக்கு இரண்டு வருடம் வேலை கிடைக்கவில்லை. சிலாபத்துக்குப் போய்ப் பிழைத்தேன். பிற்பாடு அந்த மணற்காணியில் மூன்று வீட்டுக்கும் அத்திவாரம் வெட்டியது நான்தான்.

அதற்குப் பிறகு எவர் வீடு பார்க்கக் கூப்பிட்டாலும், “பொம்புளப் புள்ளைகள் எத்தன பேர்?” என்றுதான் முதலில் கேட்பேன். பதில் வந்த பிறகே சுவரைத் தட்டுவேன்.