பாபா தூக்குற துப்பாக்கி

எழுபது தாண்டியும் எங்க வீட்டு பாபாவுக்கு வேட்டை ஆசை விடல. எங்க வீடுன்னா அபுதாபியில நான் சமைக்கிற வீடு. பாபாதான் எனக்கு விசா எடுத்துக் குடுத்த கஃபீல். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில இருந்து வந்து அந்த அடுப்படியில நின்னவன், இன்னும் அங்கேயேதான் நிக்கிறேன். எனக்குக் கோவக்காரன்னு பேரு. கறியில உப்பு பத்தலன்னு யாராச்சும் சொன்னா, "மொதல்ல நாக்கை டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்லிடுவேன். அதுக்குச் சிரிக்கிற ஒரே ஆளு பாபாதான்.

இங்க நெனச்ச எடத்துல வேட்டையாட முடியாது. அதனால வருஷா வருஷம் குளிர் முத்துறதுக்கு முன்னாடி கிர்கிஸ்தான் மலைக்குப் போவார், மலையாடு சுட. கூட நானும் போவேன். என் கை சமையல் இல்லாட்டி அவருக்குச் சோறு எறங்காது. நடுவுல மாடிப்படியில விழுந்து வலது தோள்ல ஆபரேஷன் ஆகி, ரெண்டு வருஷம் போக்கு நின்னு போச்சு. ஹால்ல உக்காந்து டிவியில மத்தவன் வேட்டையாடுறதைப் பாத்துக்கிட்டு இருப்பார். எனக்குப் பாக்கவே பத்திக்கிட்டு வரும்.

"இந்த வருஷம் போறேன்"னு ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல சொல்லிட்டார். அவர் மகன் தங்கமான பிள்ளை, ஆனா பயந்தாங்கொள்ளி. "போங்க பாபா, துப்பாக்கியை மட்டும் வழிகாட்டி தூக்கிட்டு வரட்டும்"னார். பாபா முகம் சுண்டிப் போச்சு. "என் துப்பாக்கியை இன்னொருத்தன் தூக்குறதா இருந்தா நான் வீட்டுலயே கெடக்குறேன்." மகனும் விடல. "சரி, நீங்களே தூக்கிக்கிட்டு மலை ஏறிக் காட்டுங்க. இல்லன்னா டிக்கெட் மாஃபி." மாஃபின்னா இல்ல, அதுக்கு மேல பேச்சும் இல்ல.

பழைய துப்பாக்கி மரக்கட்டை போட்டது, அம்மிக்குழவி மாதிரி கனம். வேற வாங்கணும். பாபாவும் நானும் மாலுக்குள்ள இருக்கிற வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். கனம் கம்மியா குடுன்னு கேக்க அவருக்கு வெக்கம். கெழவனாயிட்டான்னு கடைக்காரன் நெனச்சிருவானாம். "யா ரஃபீக், நீ கேளு"ன்னு என்னை முன்னால தள்ளிட்டு, கத்தி அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பாக்குற மாதிரி நின்னுக்கிட்டார். ரஃபீக்னா கூட்டாளி, வேலைக்கு வந்தவனை இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

அரபியில கனம் கம்மின்னா கஃபீஃப். என் நாக்கோ இத்தனை வருஷமா கஃபீல் கஃபீல்னே சொல்லிப் பழகுன நாக்கு. "பாபாவுக்கு நல்ல கஃபீல் துப்பாக்கி வேணும்"னு கடை முழுக்கக் கேக்குற மாதிரி சொல்லிட்டேன். கடைக்காரர் சிரியாக்காரர். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கஃபீல் இங்க விக்கிறதில்ல ரஃபீக், கஃபீல் மாத்தணும்னா விசா பேப்பர் அடிக்கிற டைப்பிங் சென்டருக்குப் போ"ன்னார். என் மானம் கப்பலேறிடுச்சு. பின்னால பாபா கண்ணாடிப் பெட்டியைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார், கண்ணுல தண்ணி ஓடுது. "இவனுக்கு நான் அலுத்துட்டேன், புதுசா ஒருத்தன் பாக்குறான்!" ஆனா சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சிரிப்புல அவர் வெக்கமும் ஓடிப் போச்சு. அவரே வந்து, "எனக்கு வயசாச்சு, கனம் கம்மியா காட்டு"ன்னார்.

கடைக்காரர் நல்ல மனுஷன், மறைக்காம சொன்னார். மரத்துக்குப் பதிலா கார்பன்ல பின்கட்டை, மெல்லிசான குழல்னு போனா எடை எறங்கும். ஆனா எடை கொறைஞ்சா உதை கூடும். கனமான துப்பாக்கி உதையைத் தானே வாங்கிக்கும், லேசானது அப்படியே தோளுக்கு அனுப்பிடும். நான் பாபாவோட வலது தோளைப் பாத்தேன். அவர் என்னைப் பாக்கவே இல்ல.

எந்த எடை தாங்கும்னு கடைக்குள்ள நின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அங்கதான் வேலியில போன ஓணானை நான் வேட்டிக்குள்ள எடுத்து விட்டுக்கிட்டேன். "பாபா, நான் ஒண்ணு செஞ்சு தர்றேன்"னு வாயைக் குடுத்துட்டேன். பைப் வாங்கி, உள்ள பருப்பும் மணலும் அடைச்சு, கிச்சன் தராசுல வச்சு, ஒவ்வொரு துப்பாக்கி எடைக்கும் ஒரு பைப்னு செஞ்சேன். தோள்ல மாட்ட வார் வேற. வெள்ளிக்கிழமை காலையில ஹத்தா மலைப் பக்கம் போய், பாபா பைப்பை மாட்டிக்கிட்டு ஏறுவார், பின்னால நான் தண்ணி பாட்டிலோட. பிக்னிக் வந்த குடும்பம் எல்லாம் வேடிக்கை பாக்கும். "உள்ள என்ன?"ன்னு ஒரு மலையாளி கேட்டார். "பருப்பு"ன்னேன். மனுஷன் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வேற பக்கம் போயிட்டார்.

பழைய துப்பாக்கி எடை பைப்போட பாதி வழியிலயே உக்காந்துட்டார். நடுத்தரத்துல ஏறிட்டார், ஆனா முகம் வெளுத்துப் போச்சு. ரொம்ப லேசானதுல பாட்டுப் பாடிக்கிட்டே ஏறுனார். வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சது, துப்பாக்கி மேல பூட்டுற ஸ்கோப்போட எடையை நான் சேக்கவே இல்ல! அட அல்லாவே! அடுத்த வாரம் பருப்பைக் கூட்டி மறுபடி ஏத்துனேன். பாட்டு நின்னுச்சு, ஆனா ஏறிட்டார்.

அப்புறம் அந்த லேசான துப்பாக்கியைச் சுட்டுப் பாக்க ஷூட்டிங் கிளப்புக்குப் போனோம். சுட்டுட்டு வந்து, "ஜோரா இருக்கு, கலாஸ், முடிஞ்சுது, இதே எடுத்துக்கலாம்"னார். நான் கஹ்வா, அதான் அரபிக் காப்பி, ஊத்திக் குடுத்தேன். பாபா எடது கையால ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்க மாட்டார். அன்னைக்கு கஹ்வா அவர் முன்னால அப்படியே ஆறுது. வலது கை மடியை விட்டு எழும்பல. எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "யாரை ஏமாத்துறீங்க? அந்தக் கப்பை எடுங்க பாப்போம்!" கஃபீல்னு பாக்காமக் கத்திட்டேன். அவர் எடுக்கல.  இத்தோட இவர் ஹாலுக்கே திரும்பிடுவாரோன்னு எனக்கு ராத்திரிச் சோறு எறங்கல.

காலையில அவரே அடுப்படிக்கு வந்து நின்னார். "கடைக்குப் போன் பண்ணு. நீ பேசாத, நான் பேசிக்கிறேன்"னார். சிரியாக்காரர் வழி சொன்னார். அதே லேசான துப்பாக்கியில சின்னத் தோட்டா போடுறது இருக்கு, பின்கட்டைக்குத் தடிச்ச ரப்பர் வச்சுக்கலாம், உதை பாதியாயிடும். ஆனா தூரத்துல இருந்து சுட முடியாது, கிட்டப் போகணும். "கிட்டப் போறதுக்குத்தானே மலை ஏறுறோம்"னார் பாபா. மறுபடி கிளப்புல சுட்டுட்டு வந்து, வலது கையால கஹ்வா வாங்கி வாங்கிக் குடிச்சார். மகனும் ஹத்தாவுக்கு வந்து கண்ணால பாத்துட்டு டிக்கெட் போட்டார்.

கிர்கிஸ்தான் குளிர் இருக்கே, எதிரிக்கும் வேண்டாம். மூணு சட்டை போட்டும் எனக்குப் பல்லு தந்தியடிச்சுது. பாபா வாலிபன் மாதிரி நடந்தார், துப்பாக்கி அவர் தோள்லயே. கடைசி நாள், பாறை மறைவுல நகந்து நகந்து கிட்டப் போய், பிஸ்மில்லா சொல்லி ஒரே குண்டு. வளைஞ்ச கொம்போட கிழட்டுக் கிடா விழுந்துச்சு. தோளைத் தட்டிக் காட்டி என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். எனக்குச் சந்தோஷம் தாங்கல, பாறைன்னு பாக்காம ஆடிட்டேன்.

வழிகாட்டி கறியைக் குதிரையில ஏத்திக்கிட்டு முன்னால போயிட்டான். எறக்கம் செங்குத்து. ஏறுறதைத்தான் நாங்க பழகியிருந்தோம். இப்படி எறங்குறதுக்கு முட்டியில பலம் வேணும். கொஞ்ச தூரத்துல பாபாவுக்குக் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. "துப்பாக்கியைக் குடுங்க பாபா"ன்னேன். "லா", முடியாதுன்னு ஒரே வார்த்தை. துப்பாக்கியை இன்னும் இறுக்கிக்கிட்டு, எடது கையை என் கழுத்தைச் சுத்திப் போட்டு, முழு ஒடம்பையும் என் மேல சாச்சுட்டார். நல்ல சோறு தின்ன ஒடம்பு, நான் போட்ட சோறுதான். கூடாரம் வரைக்கும் அப்படியே எறங்குனோம்.

ராத்திரி மகன் போன் பண்ணார். "உண்மையைச் சொல்லு, துப்பாக்கியைத் தூக்குனது யாரு?"

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா பாபாதான். ஏறும்போதும் எறங்கும்போதும் யாரையும் தொட விடல."

"அல்ஹம்துலில்லாஹ்"னார் மகன். பக்கத்துல பாபா கம்பளிக்குள்ள இருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். பாபாவைத் தூக்குனது யாருன்னு மகன் கேக்கல. நானும் சொல்லல.