வடாலா வந்தால் எழுந்துவிட வேண்டும்

பன்னிரண்டு நாட்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் ரயில் நண்பர் ஷிண்டே வீட்டுக் கதவைத் தட்டினார். அந்நேரத்துக்கு அவர் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் உள்ள தம் அலுவலகத்துக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குர்லாவில் எங்கள் பெட்டி வழக்கமாக வந்து நிற்கும் இடத்தில் யூசுப் காத்திருந்து செய்தியைச் சொன்னாராம். கேட்டதும் ஷிண்டே இறங்கி, எதிர்த்திசை வண்டியைப் பிடித்துச் செம்பூருக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "மீரான் பாய் நஹி ரஹே, சாப்" என்றார். மீரான் பாய் இறந்துவிட்டார்.

நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உட்காருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சட்டையை இஸ்திரி போட்டேன். எதையும் ஒழுங்காகச் செய்தால் கெட்டது நடக்காது என்றொரு நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு. பாதிச் சட்டையில்தான் அழுகை வந்தது.

மீரான் பாயைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர் கடையநல்லூர்க்காரர். மகன் யூசுப்போடு சேர்ந்து குர்லாவில் ரெக்ஸின் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ஜிப்பும் கொக்கியும் வாங்க அநேகமாகத் தினமும் மஸ்ஜித் பந்தர் மார்க்கெட்டுக்குப் போவார். பட்டறைக்காரர்களுக்கு அவரை இருபத்தைந்து ஆண்டுகளாகத் தெரியும். எனக்கு ரயிலில் மட்டுமே தெரியும். ஆனால் அந்த ரயிலைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்தார் என்பதால், தயக்கத்தோடு எழுதுகிறேன்.

அவரை முதலில் சந்தித்தது செம்பூர் நடைமேடையில். நான் கூட்டமுள்ள வண்டியில் ஏறமாட்டேன். ஒன்று போகட்டும், அடுத்தது காலியாக வரும் என்று நிற்பேன். அன்று அவர் செம்பூரில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வந்திருந்தார் போலும். யாருக்காகவோ காத்துக்கொண்டு என் பின்னால் நின்றவர் திடீரென்று தமிழில் கேட்டார்:

"சார்வாள், நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், நாலு வண்டிய விட்டுட்டீயளே. அஞ்சாவதுல உங்க பேரு எழுதியிருக்கோ?"

நான் பதில் சொல்வதற்குள் ஐந்தாவது வந்தது. அவர் ஏறி, என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள், நான் ஓய்வு பெறும்வரை, எட்டு நாற்பத்து மூன்று எங்கள் வண்டி. செம்பூரில் ஷிண்டே என்னை உள்ளே இழுப்பார். குர்லாவில் மீரான் பாய் ஏறுவார்.

எங்கள் பெட்டிக்குச் சில சட்டங்கள் இருந்தன. மூவர் உட்காரும் பலகையில் நான்காமவர் ஒருவர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். "தோடா சரக்கோ" என்றால் மூவரும் நகர்ந்தாக வேண்டும். வடாலா வந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்து, நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இடம் விட வேண்டும். யார் எழுதிய சட்டமோ தெரியாது. காவலர் மீரான் பாய்தான். வங்கி அதிகாரி ஒருவர் வடாலாவில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். மீரான் பாய் அவர் காதருகே குனிந்து, "சாகேப், கனவுல வடாலா வரலையோ?" என்று இந்தியில் கேட்பார். பெட்டியே சிரிக்கும். அதிகாரி எழுந்துவிடுவார்.

பம்பாயில் என்ன பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "எட்டு நாப்பத்தி மூணுல நின்னுக்கிட்டுப் போங்க. அதான் பம்பாய். மிச்சமெல்லாம் கல்லும் சிமெண்டும்." ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை அவருடைய மைத்துனர் நெரிசலில் நசுங்கிக்கொண்டே கத்தினார்: "மச்சான், கடலக் காட்டும்னு சொன்னா, வேர்வையக் காட்டுதீரே!"

"ரெண்டும் உப்புத்தண்ணிதானவே. பேசாம நில்லும்."

நான் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், என் மகள் உஷாவின் கல்யாணப் பேச்சு வரும்வரை.

உஷாவுக்கு அதற்கு முன் இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. பம்பாயில் பார்க்கும் வேலையை விடமாட்டேன் என்று அவள் சொன்னதுதான் காரணம். மூன்றாவதாக வந்த ரவி நல்ல பையன். நானே பம்பாய்க்கு மாற்றல் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய தகப்பனார் வைத்தியநாதன்தான் சம்மதிக்கவில்லை. கும்பகோணத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "மூணு நாள் வந்து ஊரைப் பார்க்கிறேன். அப்புறம் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார். உஷா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்ததை நான் பார்த்தேன்.

நான் அரைமணிக்கு ஒன்றாக நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். மகாலட்சுமி கோவில், தொங்கும் தோட்டம், அருங்காட்சியகம், மாதுங்காவில் சாப்பாடு. எல்லாம் டாக்சியில், இல்லையென்றால் நடுப்பகல் காலி வண்டியில். இரண்டாம் நாள் மாலை வைத்தியநாதன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா யாரும் யார் முகத்தையும் பாக்கறதில்லையே ஐயா. என் பிள்ளை நாளைக்கு ரோட்டுல மயங்கி விழுந்தா, தாண்டிண்டு போயிடுவா போலிருக்கே."

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. உஷா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த தெருவில் ஒருவர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து மீரான் பாயின் பட்டறையைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாளைக்குக் காலைல நம்ம வண்டிக்குக் கூட்டியாந்திருங்க."

"அந்தக் கூட்டத்துல அவர் விழுந்துட்டார்னா?"

"விழணும்னா எடம் வேணும்லா சார்வாள்!"

மறுநாள் நடைமேடையில் வைத்தியநாதனுக்கு எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். எந்தக் காலை முதலில் வைப்பது, எந்தக் கம்பியைப் பிடிப்பது என்றெல்லாம். வண்டி வந்தது. ஷிண்டேயின் கை நீண்டது. வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வைத்தியநாதன் உள்ளே போய்விட்டார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறலாம் என்று நினைத்தேன். பையைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அவருக்கு இந்தி தெரியாது. எங்கள் முகவரியை அவரிடம் நான் எழுதிக்கொடுத்திருக்கவில்லை. அடுத்த வண்டி வந்தது. நியாயமாக அதில் பாய்ந்து ஏறியிருக்க வேண்டும். என் கால் எழவில்லை. அதையும் விட்டேன். என் சம்பந்தத்தை நானே ரயிலேற்றி அனுப்பிவிட்டு நிற்கிறேன் என்று தோன்றியது. மூன்றாவதில் யாரோ முதுகில் தள்ள, ஏறிவிட்டேன். கடைசி நிலையமான வி.டி. வரையில் உஷாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே போனேன்.

வி.டி. நடைமேடைப் பெஞ்சில் வைத்தியநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கவஸ்திரம் நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் முந்தின நிலையமான மஸ்ஜித்திலேயே இறங்கியிருக்க வேண்டிய மீரான் பாய். மறுபக்கம் அலுவலகத்தில் தாமதக் குறி வாங்கப்போகும் ஷிண்டே. என்னைக் கண்டதும் வைத்தியநாதன் எழுந்துகொண்டார்.

"ஏன் ஐயா, முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேளே, உமக்கு ரயில் ஏறத் தெரியாதா?"

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"மூணு பேர் பெஞ்சுல எனக்கு நாலாவது இடம் கொடுத்தா. பாதி உடம்புதான் உக்காந்தது. பக்கத்துல இருந்தவர் வண்டி ஆடறச்சே நான் விழாம இருக்க, முதுகுக்குப் பின்னால கையைக் குடுத்துண்டே வந்தார். அவர் பேர்கூடத் தெரியாது. சரின்னு உக்காந்திருந்தா, வடாலாவாமே, அங்கே இவர் வந்து என்னை எழுப்பிட்டார்!"

நான் திகைத்து மீரான் பாயைப் பார்த்தேன். "பெரியவரைப் போய் எழுப்பினேளா?"

"சட்டம்லா சார்வாள்" என்றார் அவர், சற்றே குற்ற உணர்வோடு. "நின்னுக்கிட்டு வந்த மனுசனுக்கும் வயசு அறுபது இருக்கும்."

வைத்தியநாதன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அடுத்து அவர் சொன்னதை அன்று இரவே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

"இவர் செஞ்சது சரி. ரெண்டு நாளா நீங்க என்னை விருந்தாளியா நடத்தினேள். விருந்தாளிக்கு எந்த ஊரும் நல்ல ஊர்தான், அதை வெச்சு என்ன தெரியும்? இவர்தான் என்னை இந்த ஊர்க்காரனா நடத்தினார். உக்காருன்னார், உக்காந்தேன். எழுந்திருன்னார், எழுந்துண்டேன். என் பிள்ளை இங்கே இருக்கட்டும்."

மீரான் பாய் டீக்கோப்பைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மார்க்கெட் தொறந்திருக்கும்" என்று திரும்பும் வண்டியை நோக்கி நடந்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்தபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. பந்தியில் ஒருவர் இலை கிடைக்காமல் நிற்பதைப் பார்த்து, தாம் பாதியில் எழுந்திருக்கலாமா என்று என்னிடம் கேட்டார். உட்காருங்கள், இது மாதுங்கா, இங்கே வேறு சட்டம் என்றேன். என் வாழ்வில் நான் சமயத்தில் சொன்ன நகைச்சுவை அது ஒன்றுதான். அவர் நெடுநேரம் சிரித்தார்.

உஷாவும் ரவியும் இப்போது பாண்டுப்பில் இருக்கிறார்கள். உஷா வேலையை விடவில்லை. தகவல் கேட்ட அன்று அவள் அலுவலகத்திலிருந்து நேராகக் குர்லாவுக்கு வந்து, மீரான் பாயின் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் அதிகம் பழக்கமில்லை. இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

கும்பகோணத்துக்கு ரவி தந்தி கொடுத்திருந்தார். நேற்று வைத்தியநாதனின் இன்லண்ட் கடிதம் எனக்கு வந்தது. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"மீரான் சாயபு வீட்டுக்கு நான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை தாதரில் இறங்குகிறேன். நீங்கள் அழைத்துப்போக வர வேண்டாம். கூட்ட நேரம், உங்களால் ஏற முடியாது. நானே குர்லாவுக்கு வந்துவிடுகிறேன். அங்கே இருங்கள்."

படித்துக் காட்டியபோது உஷா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீரான் பாய், வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு இரண்டு கிழவர்கள் வருவோம். இருவரில் உள்ளூர்க்காரர் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தால் யூசுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அமைதியாக உறங்குங்கள்.