பெயர் எழுதாத ஒரு குப்பி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன். "மாமி, கடையநல்லூர்ல இருந்து பேசுதேன். வாப்பா மவுத்தாயிட்டாக" என்றது ஓர் ஆண் குரல். நான் அழவில்லை. "எந்த வாப்பா? நீங்க யாரு?" என்று கேட்டேன். "வயர்மேன் மைதீன் மகன் காசிம்" என்றான். அதற்கும் நான் மசியவில்லை. இந்தக் காலத்தில் யார் யாரோ கூப்பிட்டு என்னென்னவோ சொல்கிறார்கள். "உங்க வாப்பா டெஸ்டரை எந்தப் பையில வைப்பாரு?" என்றேன். "பையில எங்க மாமி வச்சாக, காதுலல்லா சொருகியிருப்பாக" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை விம்மினான். அப்புறம்தான் நான் நம்பினேன். சாவுச் செய்தியைக்கூடச் சோதித்து வாங்கும் இந்தக் கெட்ட பழக்கம் அவன் வாப்பா எனக்குக் கொடுத்ததுதான்.

அடக்கம் முடிந்து எட்டு நாளாகிவிட்டதாம். என் எண் இப்போதுதான் கிடைத்ததாம். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் காசிம் போனை வைக்கவில்லை.

"மாமி, தப்பா நெனைக்காதீங்க. வாப்பா சாமான் பொட்டிய ஒழுங்கு பண்ணினோம். அடியில ஒரு செவப்பு நெயில் பாலிஷ் குப்பி கெடக்கு, காஞ்சு கல்லாப் போயி. உம்மா அதை நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே பார்த்திருக்காக. கேட்டா வாப்பா சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவாகளாம். அந்தப் பட்டறையில வேலை பார்த்த பொம்பளை நீங்க ஒருத்திதானாமே. யாருதுன்னு கேக்கச் சொல்லுதாக."

"எனக்கு எப்படிப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அது பொய். அவரோடு பிற்பாடு வேலை பார்த்த உங்களுக்கும், உங்களைவிட முக்கியமாகக் காசிமின் உம்மா பாத்திமா மதினிக்கும் இதை எழுதுகிறேன். இதை மதினிக்குக் காசிம் வாசித்துக் காட்டட்டும்.

மைதீன் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். எண்பதுகளின் நடுவில், சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சைசிங் பட்டறையில் அவர் வயர்மேன். விசைத்தறிக்குப் போகும் பாவு நூலைக் கஞ்சியில் முக்கி, சூடான உருளைகளில் காயவைத்துச் சுற்றிக் கொடுக்கிற இடம் அது. கஞ்சித்தொட்டியில் வேலை பார்த்த சுடலை வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு முறை எல்லோருமாகத் திருவேங்கடம் போனோம். பஸ்ஸில் போர்டு இருக்கிறது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் கேட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து ஸீட்டுக்காரரிடமும் கேட்டார். "போர்டுல படிச்சீகளே அண்ணாச்சி" என்றேன். "நேத்துப் போன ஊரையும் போர்டு அப்படித்தாம்மா சொல்லிக்கிட்டிருக்கும்" என்றார்.

அந்தப் பட்டறைக்கு முதலாளி ஒரு கன்ட்ரோல் போர்டு வாங்கிப் போட்டார். பாலிடெக்னிக் முடித்த கையோடு என்னை எடுத்தது அதற்காகத்தான். பாய்லரிலிருந்து வரும் நீராவிக்கு நான்கு வால்வுகள். எது எப்போது திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்று நான் புரோகிராம் எழுதிச் சிப்பில் ஏற்றுவேன். சிப்பு சொல்வது அண்ணாச்சி இழுத்த வயர் வழியாக வால்வுக்குப் போகும். எங்கள் வீட்டில் எனக்கு ஆறு மாதத்துக்குத்தான் அனுமதி. "ஒரு சொல்லு காதுல விழுந்தா வீட்டோட இருந்துக்க" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி எங்கள் இருவரையுமே நம்பவில்லை. வயர்ப் பெட்டியை அவர் மட்டும் திறக்கணும், சிப்பை நான் மட்டும் தொடணும், மாறிக் கை வைத்தால் அன்றோடு வேலை கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

போர்டு வந்ததால் தன் வேலை போய்விடும் என்று அண்ணாச்சி நினைக்கிறார் என்பது என் கணக்கு. "உன் சிப்பு பொய் சொன்னா யாரும்மா கண்டுபிடிக்கது?" என்று அடிக்கடி கேட்பார். "உங்க வயர் பொய் சொன்னா?" என்று நானும் விடமாட்டேன். இரண்டு பேரும் டீ குடிக்கும்போதுகூட ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே குடிப்போம்.

ஒரு வியாழக்கிழமை கஞ்சித்தொட்டி உருளையில் நூல் சுற்றிக்கொண்டது. உள்ளே கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் தொட்டிக்குப் போகும் ஆவியை அடைக்க வேண்டும். குழாய்ப் பக்கம் நின்ற அண்ணாச்சி, "ரெண்டை அடைம்மா" என்று சத்தம் கொடுத்தார். நான் போர்டில் இரண்டை அமுக்கினேன். இரண்டாம் எண் விளக்கு அணைந்தது. "அடைச்சாச்சு" என்றேன். சுடலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான்.

"ஏலே, கைய வெளிய எடு" என்றார் அண்ணாச்சி. அவர் கத்தவில்லை. குடிக்க வைத்திருந்த செம்பிலிருந்து தண்ணீரை அள்ளித் தொட்டிக் குழாய் மேல் தெளித்தார். சுர்ரென்று பொங்கிப் போனது. ஆவி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்ததை நானும் சுடலையும் நம்பினோம், அவர் ஒருவர் நம்பவில்லை. சுடலை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தான்.

முதலாளி வந்தார். நான் முந்திக்கொண்டேன். "நான் ரெண்டைத்தான் அடைச்சேன். விளக்கு அணைஞ்சதை சுடலையும் பார்த்தான். இவுக வயரை மாத்தி வச்சிருக்காக." அண்ணாச்சி என்னைப் பார்க்காமலே, "வயர் போட்டது போட்டபடி கெடக்கு. சிப்பைக் கேளுங்க" என்றார். திங்கட்கிழமைக்குள் யார் தவறு என்று தெரியவேண்டும், அந்த ஆள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். அண்ணாச்சிக்குக் கடையநல்லூரில் கைப்பிள்ளையோடு வீடு. எனக்கு ஆறு மாதத்தில் நாலு மாதம் முடிந்திருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி ஜும்மாவுக்குப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். மதினி, இதை நான் எப்படிச் சொன்னாலும் அழகாக வராது. அவர் தொழப் போயிருந்த நேரத்தில் நான் தொடக்கூடாத பெட்டியைத் திறந்தேன். என் பையிலிருந்த நெயில் பாலிஷை எடுத்து, ஒவ்வொரு திருகின் தலையிலும் பாதி, பக்கத்துத் தகட்டில் பாதி படும்படி பொட்டு வைத்தேன். அவர் திருகைத் தொட்டு வயரை மாற்றினால் பொட்டு இரண்டாகப் பிளந்துவிடும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று திட்டம். உள்ளே அவர் ஒட்டியிருந்த சீட்டுகளையும் பார்த்தேன். முதல் வயரில் 'லாபம்' என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 2, அப்புறம் 3, 4. ஏதோ பிள்ளையார் சுழி போல மங்கலமாக எழுதியிருக்கிறார் என்று நினைத்து மூடிவிட்டேன். திருடனைத் தேடுகிற கண்ணுக்கு வேறு எது தெரியும்?

திங்கட்கிழமை முதலாளியே பெட்டியைத் திறந்தார். சிவப்புப் பொட்டுகள் பளபளவென்று இருந்தன, ஒன்றுகூடப் பிளக்கவில்லை. "இது யாரு வேலை?" என்று கேட்டு, முதலில் என் விரல்களைத்தான் பார்த்தார். விரலில் பூச்சு இல்லை. குப்பியை என் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். அதை நோக்கி அவர் நடந்தார்.

"நான்தான் வச்சேன் முதலாளி" என்றார் அண்ணாச்சி. "மிசின் அதிர்வுல திருகு இளகுதான்னு பாக்கத்தான்." சொல்லிக்கொண்டே தன் சாமான் பெட்டியைத் திறந்து என் குப்பியை எடுத்துக் காட்டினார். அது எப்போது என் டிராயரை விட்டு அங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலையில் முதலாளிக்கு முன்பே வயர்ப் பெட்டியைத் திறந்து பொட்டைப் பார்த்திருக்கிறார், யார் வைத்தது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என் ஊகம். "நெயில் பாலிஷா வச்சிருக்கீரு, வே" என்று முதலாளி சிரித்தார். சாயங்காலம்வரை பட்டறையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

முதலாளி அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்தார். "வேவு பாக்கத்தானம்மா வந்தே. வந்தவ ஒழுங்காப் பாத்தியா? எண்ணிச் சொல்லு, உன் சிப்புல எத்தனை வால்வு?"

"பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். போர்டு அப்படித்தான் எண்ணும்.

"எங்க வாப்பா நூல் கழி எண்ணினா லாபம், ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணுவாக. நானும் அப்படித்தான்" என்றவர், சொல்லும்போதே நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன். நெல் அளக்கிற இடத்திலெல்லாம் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றே தொடங்குவதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அவருடைய இரண்டு என் சிப்பில் ஒன்று. நான் அடைத்த இரண்டு அவருக்கு மூன்று. வயர் வரிசை சரியாக இருந்தது, அதனால் தானாக ஓடும்போது ஒரு பிசகும் தெரியவில்லை. வாயால் சொன்ன அன்றுதான் சுடலையின் கை போகப் பார்த்தது.

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு வால்வு வச்சிருக்கியேம்மா" என்றார். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தவறு இரண்டு பேருக்கும் பொது என்று சேர்ந்தே போய் முதலாளியிடம் சொன்னோம். வேலை தப்பியது. அன்றைக்கே எண்ணை ஒழித்து, வால்வுகளுக்குப் பெயர் வைத்தோம். என் புரோகிராமில் ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் பெயர் அடங்காது. அதற்குள் அடங்கும்படி தாய், கஞ்சி, மேலூர், கீழூர் என்று நான்கும் அவர் சொன்னவை. மெயின் வால்வு தாய், மேல் உருளைக்குப் போவது மேலூர். சிப்பு, வயர்ச் சீட்டு, போர்டு விளக்கு, குழாய், ஷிப்டு நோட்டு என்று எல்லா இடத்திலும் அதே பெயர், அதே எழுத்து. ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. நான் வாசித்துக் காட்டியதை நம்பாமல், கோலத்தைப் பார்ப்பது போல எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். "இங்கிலீசுல உன் பேரு ஏழெழுத்து, கோமதி. உன் சிப்புக்குள்ள நீயே அடங்கமாட்டே" என்று கேலியும் செய்தார்.

பின்னொரு நாள் மேலூர் வால்வைக் கழற்றிவிட்டு வேறு இடத்தில் புதிதாக ஒன்று போட்டோம். பெயர் சும்மாதானே கிடக்கிறது என்று அதற்கும் மேலூர் என்றே எழுதினேன். அண்ணாச்சி அழித்தார். "போனது பேரோட போகட்டும். பழைய நோட்டைப் பாத்து ஒருத்தன் கைய விட்டுட்டா?" என்றார். பிறகு பல ஊர்களில் பல இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதினேன். கழற்றிய பாகத்தின் பெயரை நான் எதற்கும் மறுபடி வைத்ததில்லை. விளக்கு அணைந்ததை நம்பி யாரையும் கையை விடச் சொன்னதும் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தச் சந்தேகம்தான். தொழப் போன மனிதரின் பின்னால் நான் கொண்டுபோன சந்தேகத்தை அவர் வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மதினி, அந்தக் குப்பியை அவர் ஏன் தூரப் போடவில்லை என்று எனக்குத் தெரியாது. ஏன் சிரித்துக்கொண்டே எழுந்து போனார் என்பது தெரியும். பதில் சொன்னால், ஜும்மா நேரத்தில் நான் செய்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டி வந்திருக்கும். அவர் பெட்டியில் திருப்புளி, கட்டிங் பிளேயர், பியூஸ் கம்பி டப்பா என்று எல்லாவற்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கும், நீங்களே பாருங்கள். அந்தக் குப்பியில் மட்டும் இருக்காது. ஒட்டினால் என் பெயரைத்தான் ஒட்டவேண்டும். அதற்குப் பதிலாக இத்தனை வருடம் உங்கள் சந்தேகத்தை அவர் சுமந்திருக்கிறார்.

காசிமிடம் சொல்லி இப்போது ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். கோமதி. ஓர் எழுத்துக் கூடத்தான், இருக்கட்டும்.